அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு நான் கொண்டுபோன செய்தி

1

நான் வேலை செய்கிற லண்டன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் தேநீர் அறையில் ஒரு கலண்டர் தொங்குகிறது. இந்த மாதத்துப் படம், அவுஸ்திரேலியாவின் நட்டநடுவில் கிடக்கிற அந்தப் பெரிய சிவப்புப் பாறை. என்னோடு நின்று கட்டில் விரிப்பு மடிக்கிற ஜொய்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "நீ அங்கே போனாயல்லவா, எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"வடிவான இடம்" என்றேன்.

"ஒரு நாள் முழுக்கப் பறந்து போனவள் சொல்லுகிற கதையா இது?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஊரிலும் வராது, இங்கே ஆங்கிலத்தில் இன்னும் வராது. ஜொய்ஸுக்குச் சொல்வதென்றால் சாவுத் துடக்கு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பயணம் போனவர்கள் கண்ட காட்சிகளை எழுதுவார்கள். நானும் கண்டேன், அதையும் எழுதுகிறேன். ஆனால் நான் காட்சி பார்க்கப் போகவில்லை. எங்கள் அம்மா செத்துப்போனா என்று என் தம்பிக்குச் சொல்லப் போனேன். நான் போய் இறங்கியபோது அம்மா செத்து ஒரு வருடத்துக்கு ஐந்து நாள்தான் குறைவு.

2

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆடிக் கடைசி. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து யாராவது கையில் கொண்டுவந்தால்தான் உண்டு. ஒரு வியாழக்கிழமை லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கிற ஒருவர் தொலைபேசி எடுத்து, கொழும்பிலிருந்து வந்தவர் எனக்கொரு கடிதம் தந்திருக்கிறார் என்றார். இவர், என் கணவர், போய் வாங்கி வந்தார். மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடி படித்தேன்.

ஊரில் அம்மாவோடு இருந்த என் தங்கை பவானி எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் அம்மா மோசம் போனா. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தார். தம்பியின் விலாசம் எழுதிய கொப்பி இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. "அக்கா, தம்பிக்கு நீதான் அறிவிக்க வேணும். ஒரே ஆம்பிளைப் பிள்ளை. முப்பத்தோராம் நாள் எங்கையெண்டாலும் ஒரு தண்ணியிலை முழுகி அந்தியேட்டியைச் செய்யட்டும்."

அன்று பன்னிரண்டாம் நாள். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, பத்தே நாளில், என் மகள் சுமதிக்குக் கலியாணம்.

இவர் கடிதத்தை இரண்டுதரம் படித்தார். பிறகு மடித்து என் தையல் மெசினின் பெட்டிக்குள் வைத்தார்.

"இப்ப ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

"தம்பிக்கு?"

"தம்பிக்குத்தான் முதல் சொல்லக் கூடாது. அவன்தானே தாய்மாமன். துடக்கெண்டா மணவறைக்குக் கிட்டவும் வரேலாது. செவன் கிங்ஸ்காரர் சும்மா இருப்பினமோ? ஒரு வருசம் தள்ளி வைப்பம் எண்டுவினம். தள்ளினா நடக்குமோ?"

செவன் கிங்ஸ்காரர் என்றது அந்தப் பகுதியில் இருந்த மாப்பிள்ளை வீட்டாரை. சுமதிக்கு அதற்கு முன் மூன்று இடம் பேசி மூன்றும் குழம்பியிருந்தது. நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. இவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன். அவர் முந்திக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தம்பி கலியாணத்துக்கென்று அவுஸ்திரேலியாவிலிருந்து புதன்கிழமை வந்தான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தவுடன் அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, அம்மான்ரை கடிதம் ஏதும் வந்ததோ?"

"வந்தது. இருக்கிறா. கண்தான் வரவரத் தெரியுதில்லையாம்."

அது எவ்வளவு இலகுவாக என் வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, சுமதியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தவன் அவன்தான். தாயின் துடக்கில் இருபத்திரண்டாம் நாள். மறுநாள் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. "அக்கா, கறி அம்மான்ரை கைப்பக்குவம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லித் தட்டை நீட்டினான். இரண்டாம் தரமும் போட்டேன்.

3

திரும்பிப் போகும்போது சொல்லலாம் என்று இருந்தேன். வழியனுப்புகிற இடத்தில் எப்படிச் சொல்வது? போய்ச் சேரட்டும் என்றேன். சேர்ந்தான். முப்பத்தோராம் நாள் வந்து போனது. முதல் மாதத்தில் சொல்லியிருந்தால் ஒரு பிழை. ஆறாம் மாதத்தில் சொன்னால் ஆறு மாதப் பிழை.

அவன் ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பான். எடுத்தால் அம்மாவைக் கேட்பான். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை மெல்ல மெல்லப் பழக்கலாம் என்று நினைத்து, அம்மாவுக்குக் காய்ச்சல், படுக்கையில் கிடக்கிறா என்றேன். அவன் பதறிய பதற்றத்தில் அடுத்த ஞாயிறே சுகமாக்கிவிட்டேன். ஏழாம் மாதம் போல, அம்மாவை என்னிடம் எடுப்பிக்க விண்ணப்பம் போடுகிறேன், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதி உங்களிடம் இருக்கும், அனுப்புங்கள் என்றான். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

வருடம் நெருங்கியபோது எனக்குப் பயம் பிடித்தது. அந்தியேட்டிதான் இல்லை, வருட முடிவில் வருகிற ஆட்டைத் திவசமாவது பெற்ற மகன் செய்ய வேண்டாமா? திதியைக் கலண்டரில் பார்த்தேன். ஆடியில் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு எடுத்தேன். என் வாழ்க்கையில் இவரைக் கேட்காமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

விசாப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று இருந்த இடத்தில் சுற்றுலா என்று போட்டோம். இன்னொரு இடத்தில் பெற்றோரின் விவரம் கேட்டிருந்தது. அம்மாவின் பெயருக்கு எதிரே "காலமானார்" என்பதற்கு இவர் எழுத்துக்கூட்டிச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். பெற்ற மகனுக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு கந்தோருக்குத்தான் முதல் அறிவித்தேன். முத்திரை குத்திய பெண் ஒன்றும் கேட்கவில்லை.

போகிற நாள் காலை இவர் சொன்னார்: "சொல்லத்தான் போறாய் எண்டா, திகதியை மாத்திச் சொல்லு. மூண்டு மாசத்துக்கு முந்தி எண்டு சொல்லு. கலியாணத்தை இதுக்குள்ளை இழுக்காதை. சுமதிக்கு இப்ப வயித்திலை நாலு மாசம்."

"திகதியை மாத்தினா அவன் பிழையான திதியிலையெல்லே திவசம் செய்வான்? பேந்து நான் ஏன் போறன்?"

"உன்ரை விருப்பம்" என்றார்.

உண்மையான நாளைத்தான் சொல்வது என்று விமானம் முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

4

அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்பது எங்கள் ஆட்கள் குடியேறுகிற இடமல்ல. எந்தப் பெரிய பட்டினத்துக்கும் ஆயிரம் மைல் தள்ளி, பாலைவனத்தின் நடுவில், ஒரு மலைத்தொடரின் காலடியில் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் மண் செங்கட்டி நிறம். இரண்டு மணித்தியாலம் பறந்தும் அந்த நிறம் மாறவில்லை. தம்பிக்கு அங்கே குடிதண்ணீர் வழங்கும் இடத்தில் வேலை. நிலத்துக்கடியில் பல்லாயிரம் வருடமாகக் கிடக்கிற தண்ணீரைத்தான் அந்த ஊர் எடுத்துக் குடிக்கிறது என்று சொன்னான்.

பாலைவனம் என்றால் கொதிக்கும் என்று நினைத்துப் பருத்திச் சேலைகள் கொண்டுபோயிருந்தேன். அங்கே அது குளிர்காலம். காலையில் புல்லில் பனி உறைந்திருந்தது. தம்பியின் மனைவி சாந்தி தன்னுடைய கம்பளிச் சட்டையைத் தந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாந்தி முன்பு நன்றாகக் கதைப்பவள். இந்தமுறை "வாங்கோ மச்சாள்" என்றதோடு சரி.

"அக்கா, அம்மாவுக்கெண்டு ஒழுங்குபண்ணின அறை. அதிலை படுங்கோ" என்று தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். பதிவான கட்டில். அம்மா கால் ஊன்றி எழும்ப வசதியாம். குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க இரும்புக் கம்பி. யன்னலுக்கு வெளியே ஒரு கறிவேப்பிலைக் கன்று. புது விரிப்பின் மடிப்புக்கூடக் கலையவில்லை. விரிப்பு மடிப்பது என் தொழில், அதனால் கவனித்தேன்.

அந்தக் கட்டிலில் எனக்கு நித்திரை வராது என்று நினைத்தேன். நன்றாக வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

5

ஞாயிற்றுக்கிழமை ஊரைக் காட்டினான். ஊருக்கு நடுவே டொட் என்று ஓர் ஆறு. ஆற்றில் தண்ணீர் இல்லை. அகலமான மணல், மணலுக்கு நடுவே வெள்ளைத் தோல் உரித்த பெரிய மரங்கள். மரநிழலில் அந்த மண்ணின் பூர்வீகச் சனங்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். "மூண்டுதரம் இந்த ஆத்திலை தண்ணி ஓடிறதைக் கண்டவனைத்தான் இஞ்சை உள்ளூரான் எண்டுவினம். நான் ரெண்டுதரம் கண்டிட்டன்" என்றான். அவன் சந்தோசமாக இருக்கிறான், இன்றைக்கு வேண்டாம் என்று விட்டேன்.

பின்னேரம் மலை இரண்டாகப் பிளந்து வழி விட்டிருக்கிற ஓரிடத்துக்குப் போனோம். பாறைகளுக்கிடையில் முயலைவிடக் கொஞ்சம் பெரிய கங்காருக்கள் தாவித் திரிந்தன. அப்படியே குந்தியிருந்து பார்த்தோம். தம்பி திரும்பாமலே கேட்டான்.

"அம்மா இப்ப என்ன சாப்பிடுறாவாம்?"

"கஞ்சிதான். பல்லில்லைத்தானே."

"ஆர் குடுக்கிறது?"

"பவானிதான் பருக்கிவிடுறாள்."

"நடக்கிறாவோ?"

"பிடிச்சா நடப்பா."

சாந்தி எழுந்து காருக்குப் போய்விட்டாள். குளிர்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை இன்னொரு பிளவு. அது ஒடுக்கமானது, இரண்டு கைகளை விரித்தால் சுவர் இரண்டையும் தொடலாம் போல இருக்கும். நடுப்பகலில் சூரியன் நேரே உச்சிக்கு வரும்போது கொஞ்ச நேரம் மட்டும் வெயில் அடிவரை இறங்குகிறது. அப்போது இரண்டு பக்கப் பாறையும் அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்துபோகிறது. அங்கு நின்ற வெள்ளைக்காரர்களும் வாய் மூடி நின்றார்கள். இந்த இடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "தம்பி" என்றேன். "சொல்லுங்கோ அக்கா" என்று முழுதாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "நல்ல வடிவு" என்றேன். அவன் இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குள் வெயில் சுவரில் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணித்தியாலம் காரோடி அந்தப் பெரிய பாறைக்குப் போனோம். உலூரு என்பது அதன் பழைய பெயர். கலண்டரில் இருப்பது போலத்தான் இருக்கிறது, ஆனால் கலண்டரில் அதன் பக்கத்தில் நிற்கிற பயம் தெரியாது. ஒரு பக்கத்தில் சங்கிலி கட்டி, சனங்கள் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓர் அறிவிப்பு. தம்பி எனக்குப் படித்துச் சொன்னான்.

"இது தங்கடை ஆக்களின்ரை புனிதமான இடமாம், ஏறாதேங்கோ எண்டு கேட்டிருக்கினம்."

"அப்ப ஏன் இவ்வளவு சனம் ஏறுது?"

"தெரியாமல் ஏறினா ஒண்டுமில்லை அக்கா. வாசிச்சுப்போட்டு ஏறுறதுகள்தான் இருக்கு" என்றான். எனக்குத் தண்ணீர்ப் போத்தலை மூடி திறந்து தந்தான்.

அங்கே தங்கி, புதன்கிழமை திரும்பி வந்தோம். வழியில் சாப்பிட நின்ற இடத்தில் எனக்கு மட்டும் கோழி எடுத்தார்கள். "நாங்கள் இப்ப கொஞ்ச நாளாச் சைவம்" என்றாள் சாந்தி. நான் கோழியைச் சாப்பிட்டேன்.

6

வியாழக்கிழமை, திதி நாள். தம்பி அன்றும் வேலைக்கு லீவு எடுத்திருந்தான். தோளில் ஒரு துணிப்பை. "இண்டைக்கு நீங்களும் நானும் மட்டும் போவம். சாந்திக்குச் சமையல் இருக்கு" என்றான். அவன் காலைத் தேநீரும் குடிக்கவில்லை என்பதைக் கண்டேன். கண்டும் யோசிக்கவில்லை.

ஒரு மணித்தியால ஓட்டம். இரண்டு செம்பாறைகளுக்கு நடுவே பெரிய நீர்மடு. எந்தக் கோடையிலும் வற்றாதாம். ஆழம் தெரியாத கரும்பச்சைத் தண்ணீர், அக்கரைப் பாறை அப்படியே தலைகீழாக அதற்குள் நின்றது. கரையில் வெள்ளை மணல். நாங்கள் போனபோது ஒருவருமில்லை. காலை வைத்துப் பார்த்தேன், எலும்பு வரை குளிர்ந்தது.

மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் திதி போய்விடும். மணலில் இருந்துகொண்டு, அவன் முகத்தைப் பாராமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, அம்மா போட்டா."

அவன் கத்தவில்லை. பிறகு அமைதியாகக் கேட்டான்.

"எப்ப அக்கா?"

ஒரு வருடமாக நான் ஆயத்தப்படுத்தியது அந்த ஒரு கேள்விக்குத்தான். வாயைத் திறந்தேன். எனக்குச் சுமதியின் வயிறு நினைவுக்கு வந்தது, செவன் கிங்ஸ்காரரின் முகங்கள் நினைவுக்கு வந்தன, அவன் தட்டை நீட்டியது நினைவுக்கு வந்தது.

"மூண்டு மாசம். மூண்டு மாசத்துக்கு முந்தி."

"மூண்டு மாசம்" என்று திரும்பச் சொன்னான். "அப்ப கலியாணத்துக்கு எவ்வளவோ பிறகு."

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் தம்பி. பவானி எழுதினவள்."

தலையை ஆட்டினான். எழுந்து, பையிலிருந்து வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். மூன்று முறை முழுகினான். தெற்கே பார்த்து நின்று இரண்டு கையாலும் தண்ணீரை எடுத்து விட்டான். உதடு நீலம் பாரித்து ஏறி வந்தான். செய்தி கேட்ட துக்கத்தில் முழுகுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. முடிந்தது, சொல்லிவிட்டேன் என்கிற நிம்மதி.

"வீட்டை போவம்" என்றான்.

7

வீட்டுக் கதவைத் திறந்ததும் சாம்பிராணி மணத்தது. நான் படுத்த அறையில் கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு, நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் தலைவாழையிலை. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பாகற்காய், வாழைக்காய், வடை, பாயசம், அம்மா விரும்புகிற எள்ளுருண்டை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாலைவனத்தில் வாழையிலைக்கு எங்கே போனார்கள் என்றுதான் முதலில் ஓடியது என் மூளை. அதற்குப் பிறகுதான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன்.

நான் செய்தி சொல்லி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்தச் சமையல் விடியவே தொடங்கிய சமையல். அது திவசப் படையல். சரியான திதியில்.

தம்பி கற்பூரம் காட்டினான். "கும்பிடுங்கோ" என்றான். கும்பிட்டேன். சாந்தி எனக்கும் இலை போட்டாள். "வடிவாச் சாப்பிடுங்கோ மச்சாள்" என்றாள், என்னை நிமிர்ந்து பாராமல். எப்படி விழுங்கினேன் என்று தெரியாது. விழுங்கினேன்.

கை கழுவி வந்ததும் தம்பி, "இஞ்சை வாங்கோ அக்கா, ஒரு படம் பாப்பம்" என்று கூப்பிட்டான். நான் போன வருடம் அனுப்பிய சுமதியின் கலியாண வீடியோ. நாதஸ்வரம் முழங்கியது. சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு தலைப்பாகையோடு அவன் சிரித்தபடி வருகிறான். படத்தை அப்படியே நிறுத்தினான்.

"இது எத்தினையாம் நாள்?"

நான் சாந்தியைப் பார்த்தேன்.

"உங்களைத்தான் கேக்கிறன். அம்மா செத்து இது எத்தினையாம் நாள்?"

"இருபத்திரண்டு."

ஓடவிட்டான். வெகுதூரம் ஓடவிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினான். அவன் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஒரு கை அகப்பையால் இறைச்சி போடுகிறது. போடுகிறவளின் முகம் படத்தில் இல்லை.

"இது?"

"இருபத்திமூண்டு."

"ஆற்றை கை?"

"என்ரை."

"இஞ்சருங்கோ, காணும், விடுங்கோ" என்றாள் சாந்தி.

"ஏன் விடுவான்? நான் இதைத் தனிய இருந்து எண்ணினனான். அவவும் எண்ணட்டும்."

பிறகு சொன்னான். அம்மா செத்து ஐந்தாம் மாதம், ஊரிலிருந்து மெல்பேணுக்கு வந்த ஒரு குடும்பம் அவனைத் தேடிப் பிடித்துப் பவானியின் கடிதத்தைக் கொடுத்திருக்கிறது. அந்தியேட்டி செய்தாயா, ஏன் ஒரு சொல்லும் இல்லை என்று கேட்டிருந்தாளாம்.

"அண்டைக்கும் அந்த மடுவிலைதான் முழுகினனான். ஐயருமில்லை, ஒருத்தருமில்லை. ஒரு சுற்றுலா பஸ் வந்து நிண்டது. அழுறன் எண்டு தெரியாமல் படம் எடுத்தவை."

"தெரிஞ்சுகொண்டோ தம்பி இவ்வளவு நாளும் என்னைக் கேட்டனீ?"

"பேந்து? ஏழு மாசம், ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனான். இண்டைக்குச் சொல்லுவா, இண்டைக்குச் சொல்லுவா எண்டுதான் கேட்டனான். செத்தவவின்ரை பிறப்புப் பத்திரத்தைக் கேட்டன், அனுப்புவாவோ பாப்பம் எண்டு. பதிவுத் தபாலிலை அனுப்பினியள். இந்தக் கிழமை இவ்வளவு இடம் கூட்டிக்கொண்டு போனன். தண்ணிக்கரையிலை ஒருவழியா வாய் திறந்தியள். அப்பவும் மூண்டு மாசம்."

நான் அழுதேன். அவன் வீடியோவை நிறுத்தவில்லை. மிகுதியையும் முழுக்க ஓடவிட்டான். நடுவில் சாந்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது. வீடியோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

8

மறுநாள் அவனே என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனான். பெட்டியைத் தூக்கி வைத்தான், யன்னலோர இருக்கை கேட்டு வாங்கித் தந்தான். உள்ளே போகிற வாசலில் அவன் கையைப் பிடித்தேன். "தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்."

அவன் கையை இழுக்கவில்லை.

"அக்கா, எனக்கும் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல இருக்கு."

"என்ன? ஆருக்கு என்ன?"

"இப்ப வேண்டாம். எனக்குத் தோதான நேரம் பாத்துச் சொல்லுறன். போட்டு வாங்கோ."

அவ்வளவுதான். திரும்பிப் பாராமல் நடந்துபோனான். மேலேயிருந்து அந்தச் செம்மண்ணை இரண்டு மணித்தியாலமும் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னவாக இருக்கும் என்பதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

லண்டனுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "வெருட்டுறான். ஒண்டும் இராது" என்றார். பிறகு சுமதிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, நான் உங்களைக் கேட்டனானா? ஒரு வருசம் வெயிட் பண்ணச் சொல்லியிருந்தா நான் வெயிட் பண்ணியிருப்பன். இப்ப இதை ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?" பேரப்பிள்ளை பிறந்து இரண்டாம் நாள்தான் எனக்கு அறிவித்தாள்.

இப்போது மூன்று வருடமாகிறது. பவானியிடமிருந்து எனக்குக் கடிதம் வருவதில்லை. தம்பிக்குத்தான் எழுதுகிறாள் என்று முதலில் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு, தொண்ணூற்றைந்தில், சண்டை நெருங்கி யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு எழும்பியது. யார் எங்கே போனார்கள், யார் வழியில் விழுந்தார்கள் என்று இங்கே தொலைபேசிக்குத் தொலைபேசி கதைத்தோம். பவானியைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

தம்பி இப்போதும் ஞாயிறு தவறாமல் எடுக்கிறான். வெயிலைச் சொல்வான், வேலையைச் சொல்வான், டொட் ஆற்றில் தண்ணீர் ஓடியதைச் சொன்னான், மரியாதையாகத்தான் கதைப்பான். முதல் வருடம் முழுக்க, "தம்பி, அந்த விஷயம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நேரம் வரேல்லை அக்கா" என்பான். இப்போது கேட்பதில்லை. பவானியைக் கேட்டால் "இருக்கிறா" என்பான், அவ்வளவுதான். அவன் என்ன சொன்னாலும் அதை நம்பலாமா என்று எனக்குத் தெரியாது. அந்த விஷயம் ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோயிலுக்குப் போகிறேன். அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். இவரைச் சொல்வேன், சுமதியை, மருமகனை, பேரனை, தம்பியை, சாந்தியைச் சொல்வேன். கடைசியில் "பவானி, சித்திரை நட்சத்திரம்" என்பேன். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்யலாம். அந்தப் பெயரைச் சொல்லும்போது நான் ஐயரின் முகத்தைப் பார்ப்பதில்லை.